உழைப்பவர் தாகமும் வீட்டு மோரும்

 

ஓசூரைக் குளிர்ந்த ஊர் என்று எல்லோரும் சொல்லி வந்த காலம் ஒன்று இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூரை ஆங்கிலேயர் 'சின்ன இங்கிலாந்து' என அழைத்ததாக இன்றும் பெரியவர்கள் பெருமையுடன் கூறுவர். இரவுக் காற்றில் அந்தக் குளிர்ச்சி இன்னமும் சிறிது எஞ்சியிருக்கத்தான் செய்கிறது. ஆனால் சித்திரை, வைகாசி மாதத்துப் பகற்பொழுதில் தகரக் கூரையின் கீழ் உலையருகே நின்று வேலை செய்பவருக்கு அந்தப் பெருமையால் என்ன பயன்? ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கீழிறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்தாலோ வெயிலின் கடுமை சொல்லி முடியாது. கல் குவாரிகளிலும், மாந்தோப்புகளிலும், மாம்பழக் கூழ் ஆலைகளிலும், ரோஜா வளர்க்கும் பசுமைக் குடில்களின் புழுக்கத்திலும் உழைப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளும் நம் அண்டை வீட்டாருமே ஆவர்.

இவர்கள் வேலைக்குப் புறப்படும்போது வீட்டிலுள்ள பெண்கள் உணவை மிக்க கவனத்துடன் கட்டிக் கொடுக்கிறார்கள். சோறு தனியாக, குழம்பு தனியாக, ஊறுகாய் ஒரு சிறு டப்பியில் என ஒன்றும் குறைவதில்லை. ஆனால் அவர்கள் அருந்துவதற்கு என்ன கொடுத்தனுப்புகிறோம்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. "அங்கே கடை இருக்கிறது, வாங்கிக் குடித்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். உணவிற்குச் செலுத்தும் கவனத்தில் பாதியையேனும் பானத்திற்கும் செலுத்த வேண்டும் என்பதையே இம்மாதம் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

காரம் தரும் எரிச்சல்

தாகம் என்று நாம் பொதுவாகக் கூறும் சொல்லில் இரண்டு துன்பங்கள் அடங்கியுள்ளன. ஒன்று காரத்தால் நாவில் எழும் எரிச்சல். மற்றொன்று வெயிலால் உடலின் நீரும் உப்பும் வற்றிப் போவது. இவ்விரண்டிற்கும் தீர்வு ஒன்றல்ல.

முதலில் காரத்தைப் பார்ப்போம். மிளகாய் நம் மண்ணுக்கு உரிய பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகாயிலுள்ள காப்சைசின் என்னும் பொருள், சூட்டை உணரும் நரம்பு வாயிலையே தட்டி எழுப்புகிறது. ஆதலின் உண்மையில் எதுவும் சுடாதபோதும் நா சுட்டுவிட்டதாக மூளை எண்ணிக்கொள்கிறது. இந்த நரம்பு வாயிலை 1997ஆம் ஆண்டு கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் என்னும் அறிஞர், 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை மற்றோர் அறிஞருடன் பகிர்ந்துகொண்டார்.

காப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே பிரியாணி காரமாக இருக்கிறதென்று குவளை குவளையாகத் தண்ணீர் அருந்தினாலும் எரிச்சல் தணிவதில்லை. பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்னும் புரதமோ காப்சைசினைப் பற்றிக்கொண்டு நாவிலிருந்து அகற்றிவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பிரியாணியுடன் வெங்காயத் தயிர்ப் பச்சடி வைக்கும் வழக்கம் எத்தனை பொருத்தமானது என்று எண்ணிப் பாருங்கள். பாட்டிமார் அனுபவத்தால் அறிந்துகொண்டதற்கு அறிவியல் பின்னாளில் காரணம் கூறியிருக்கிறது. அப்பச்சடியை ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் வாயு நிரப்பிய குளிர்பானத்தை வைப்பது விருந்தினருக்கு நாம் செய்யும் உபசாரம் ஆகாது.

வெயில் தரும் வறட்சி

இனி வெயிலுக்கு வருவோம். கடுமையான வெப்பத்தில் உழைக்கும் ஒருவர் உடலிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூட வெளியேறக்கூடும். வியர்வையுடன் உப்பும் வெளியேறுகிறது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல், 15 அல்லது 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை அளவு அருந்த வேண்டும் என்பது தொழிலாளர் நலம் பேணும் வல்லுநர்களின் அறிவுரை. பல மணி நேரம் தொடர்ந்து வியர்க்கும்போது நீரோடு சிறிது உப்பும் உள்ளே செல்ல வேண்டும்.

இதனுடன் தொடர்புடைய வரலாறு ஒன்றை இங்கு நினைவுகூர்வது தகும். 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பங்காவ்ன் முகாமில் இரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கும் முறையைத் துணிந்து கையாண்டார். நூற்றுக்கு 20 முதல் 30 பேர்வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் இறப்பு 4 பேருக்கும் கீழே குறைந்தது. சர்க்கரை உடனிருந்தால் குடல் உப்பையும் நீரையும் விரைந்து உறிஞ்சிக்கொள்ளும் என்பதே இதன் அடிப்படை. 2022இல் மறைந்த அவருக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கின்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் பொட்டலம் இந்த முறையில் தயாரானதே. பொட்டலம் கிடைக்காதபோது ஒரு லிட்டர் தூய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம்.

சோறு வடித்த கஞ்சியில் உப்பிட்டுக் கொடுப்பதும் இதே பணியைச் செய்கிறது. நமது நோன்புக் கஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, உப்பு, நிறைய நீர். பகல் முழுதும் வறண்ட உடலுக்கு முதலில் கிடைக்க வேண்டியவை எல்லாம் அந்தக் கோப்பையில் இருக்கின்றன. நோன்பு மாதத்தில் மட்டும் அதை நினைத்துவிட்டு மற்ற 11 மாதங்களும் மறந்துவிடுவது ஏனோ தெரியவில்லை!

தாய்லாந்தில் ஒரு பார்வை

காரமும் வெயிலும் ஒருங்கே மிகுந்த நாடு தாய்லாந்து. நம் சமுதாயத்தினர் பலர் மணிக்கல் வாணிகத்தின் பொருட்டுப் பாங்காக்கில் நெடுங்காலமாக இருந்து வருகின்றனர். அந்நாட்டு மக்கள் வெயிலுக்கு என்ன அருந்துகிறார்கள் என்று கேட்டால் நமக்கு வியப்பே ஏற்படும். எலுமிச்சைப்புல்லைக் கொதிக்கவைத்து ஆற்றிய நீர், வில்வக்காயை வில்லைகளாக அரிந்து உலர்த்திக் காய்ச்சிய நீர், புளிக் கரைசல், வல்லாரைச் சாறு, நம் புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த செடியொன்றின் செந்நிறப் புல்லிதழில் இறக்கிய சாறு, நம் வேலிகளில் படரும் நீலச் சங்குப்பூவின் நீர். சங்குப்பூ நீரில் எலுமிச்சை பிழிந்தவுடன் நீலம் ஊதாவாக மாறுவதைக் குழந்தைகள் கண்டால் துள்ளிக் குதிப்பார்கள். எலுமிச்சைச் சாற்றில் அவர்களும் நம்மைப் போலவே உப்புச் சேர்க்கிறார்கள். நம் சப்ஜா விதையைப் போன்ற துளசியின விதையை ஊறவைத்துப் பானங்களில் இடுகிறார்கள். காரமான உணவுடன் அவர்கள் அருந்தும் குளிர்ந்த தேநீரில் பால் கலந்திருக்கிறது. அந்தப் பால் நாவின் எரிச்சலைத் தணிக்கிறது.

இவற்றுள் நமக்குப் புதிதான செடி எதுவுமில்லை. அவர்கள் தம் செடிகொடிகளைக் கடைவீதியிலும் விருந்து மண்டபத்திலும் மதிப்புடன் வைத்திருக்கிறார்கள். நாமோ அவற்றை வேலியிலேயே விட்டுவிட்டோம்.

எல்லைப்புறத்தின் பானங்கள்

ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் பகுதி இது. மோர் என்போம் நாம். மஜ்ஜிகெ என்பார் கன்னடர். மஜ்ஜிக என்பார் தெலுங்கர். சாச் என்பார் உருது பேசுவோர். பெயர் நான்காயினும் பானை ஒன்றுதான். இங்குள்ள வீடுகளில் எளிதில் ஆகக்கூடிய சிலவற்றைக் கூறுகிறேன்.

நீர்மோர்: காய்ச்சிய பாலில் உறையூற்றிய தயிர் ஒரு குவளைக்கு நான்கு குவளை தண்ணீர் ஊற்றி நன்கு கடைந்து, உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி சேர்க்க வேண்டும். வேலைக்குச் செல்பவருக்கு எவர்சில்வர் புட்டியில் ஊற்றிக் கொடுங்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் மோர் வைத்தல் ஆகாது. வெயிலில் மோர் விரைவாகப் புளித்துவிடும். எனவே காலையில் கொண்டு சென்றதை நண்பகலுக்குள் அருந்திவிட வேண்டும். பிற்பகலுக்கு உப்பிட்ட எலுமிச்சை நீர் மற்றொரு புட்டியில் இருக்கட்டும்.

ராகி அம்பலி: கேழ்வரகு இம்மாவட்டத்தின் முதன்மையான தானியங்களில் ஒன்று. மாவை இரவில் நீரில் கரைத்து வைத்துக் காலையில் கட்டியின்றிக் காய்ச்சி, ஆறியபின் மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்துடன் அருந்துவது வழக்கம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. இரவில் புளிக்க வைப்பதால் இது ஆகுமா என்று சிலர் கேட்பதுண்டு. இது இட்லி மாவும் தயிரும் புளிப்பதைப் போன்ற புளிப்பே ஆகும், போதை தருவதன்று.

மாங்காய்ப் பானகம்: கூழ் ஆலைகளுக்குச் செல்லும் பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காய் கோடையில் இங்கு மலிவாகக் கிடைக்கும். காயை வேகவைத்து, சதையைப் பிசைந்து, சிறிது வெல்லம், வறுத்துப் பொடித்த சீரகம், உப்பு சேர்த்து நீர் விட்டுக் கலக்க வேண்டும். வட நாட்டார் இதனை ஆம் பன்னா என்பர். அனல்காற்று வீசும் நாட்களில் அங்கு இதுவே வீட்டு மருந்து.

பதநீர்: பனை நிற்கும் இடங்களில் கோடையில் கிடைக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளித்துக் கள்ளாக மாறாமல் இருக்கிறது. ஆகவே நம்பகமானவரிடம் காலையில் வாங்கி உடனே அருந்திவிட வேண்டும். வைத்திருந்து நுரைத்துப் புளித்ததைத் தொடவே கூடாது.

நபீத்: பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ இரவில் நீரில் ஊறவைத்துக் காலையில் அருந்துவது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்து வழக்கம். சர்க்கரை சேர்க்காத இனிய பானம் இது. ஆனால் நாட்கணக்கில் வைத்திருந்தால் இதுவும் போதைப் பொருளாக மாறிவிடும் என்பதை மறத்தல் ஆகாது.

இவை எல்லாவற்றையும் குளிரச் செய்ய ஒரு மண்பானை போதும். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குளிரும். கிருஷ்ணகிரி வெயிலுக்கு மண்பானையைப் போன்ற தோழன் வேறில்லை.

சர்க்கரையும் பனிக்கட்டியும்

கடையில் விற்கும் வாயு நிரப்பிய குளிர்பானம் 300 மில்லி அருந்தினால் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உள்ளே செல்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நின்றால் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு கூறியது. ஒரே புட்டியில் அந்த எல்லை தாண்டிவிடுகிறது. வியர்வையில் இழந்த உப்போ அதில் போதிய அளவு இல்லை.

அதே வேளையில் நீதியுடன் பேச வேண்டும். நமது நன்னாரி சர்பத்தும், தில்லியில் ஹகீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் அவர்கள் 1906இல் தொடங்கிய ஹம்தர்த் நிறுவனத்தின் ரூஹ் அஃப்ஸாவும் சர்க்கரைப் பாகினால் ஆனவையே. நம்முடையது என்பதற்காகச் சர்க்கரை தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது. விருந்து நாளில் சிறிதளவு சுவைக்கலாம். அன்றாடத் தாகத்திற்கு அவை ஏற்றவையல்ல.

பனிக்கட்டியும் கவனத்திற்குரியது. மீனுக்கும் பொருள்களைக் குளிர்விப்பதற்கும் செய்யப்படும் கட்டிகள் உண்பதற்கானவை அல்ல. அவற்றை அடையாளம் காண நீலநிறம் சேர்க்க வேண்டுமென 2018ஆம் ஆண்டு இந்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பு பணித்தது. எங்கிருந்து வந்ததெனத் தெரியாத கட்டியைத் தவிர்ப்பதே நலம்.

நோயுற்றோருக்கும் ஒரு சொல். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு வெல்லப் பானகம் ஏற்றதன்று. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் அருந்தக் கூடாது.

வெளியில் சொல்லப்படாத துன்பம்

தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளம் பெண்கள் பலர் தாகம் எடுத்தாலும் நீர் அருந்தாமல் அடக்கிக்கொள்கிறார்கள். கழிப்பறைக்கு அடிக்கடி செல்ல நேருமே, மேற்பார்வையாளர் ஏதேனும் சொல்வாரே என்ற தயக்கமே காரணம். என்னிடம் ஓத வந்து, பின்னர் வேலைக்குச் சென்ற பிள்ளைகளின் தாய்மார் சிலர் இதைக் கண்கலங்கிக் கூறியதுண்டு. காலையில் அனுப்பிய மோர்ப் புட்டி மாலையில் திறக்கப்படாமலே திரும்பி வருமாம். இவ்வாறு நீரின்றி இருப்பது சிறுநீர்த் தொற்றுக்கும், மயக்கத்திற்கும், நாளடைவில் சிறுநீரகக் கற்களுக்கும் இடமளிக்கும். பிள்ளைகள் வீடு திரும்பியதும் "சாப்பிட்டாயா?" என்று கேட்கும் தாய்மார் "தண்ணீர் குடித்தாயா?" என்றும் கேட்க வேண்டும். புட்டி நிறைந்தபடியே திரும்பினால் அதன் காரணத்தைக் கனிவுடன் விசாரிக்க வேண்டும். பணியிடத்தில் குடிநீரும் கழிப்பறையும் தருவது முதலாளியின் கருணையன்று. சட்டம் விதித்த கடமை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே இதை வகுத்தது. நம்மவரில் சிறு பட்டறை நடத்துவோரும் உண்டு. அவர்கள் தம்மிடம் வேலை செய்வோர்க்கு இதில் குறைவைத்தல் கூடாது.

வெயிலில் வேலை செய்யும் ஒருவர் தடுமாறிப் பேசினாலோ, உடல் கொதித்து நினைவு மங்கினாலோ, அது வெறும் மயக்கமன்று, உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடை தளர்த்தி, உடலெங்கும் நீர் தெளித்து விசிறிக்கொண்டே 108க்குத் தகவல் கொடுக்க வேண்டும். நினைவற்றவர் வாயில் மோரோ நீரோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

தம் தாயார் மறைந்தபின் அவர் பொருட்டுச் செய்யத்தக்க தர்மங்களில் சிறந்தது எது என ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீர் வழங்குதல் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்ததையும், அவர் கிணறு ஒன்றை ஏற்படுத்தியதையும் மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அப்பாடம் ஏட்டோடு நின்றுவிடலாகாது. கோடை மூன்று மாதமும் பள்ளிவாசல் வாயிலில் மூடிய மண்பானையில் தூய நீரும், நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையும் வைக்க ஜமாஅத்தார் முன்வரலாம். ஜும்ஆ நாளில் மோரும் வழங்கலாம். சுமை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், பிற மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் என யாவரும், எம்மதத்தவராயினும், அருந்திச் செல்லட்டும். அண்டையிலுள்ள இந்துச் சகோதரர்கள் ராம நவமியன்று வழிப்போக்கர்க்குப் பானகமும் மோரும் தருவதை நாம் கண்டே வருகிறோம். நற்செயலில் போட்டியிடுவது நமக்கும் பணிக்கப்பட்டதே.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலை சோற்று டப்பாவை மூடும்போது அதன் அருகில் ஒரு மோர்ப் புட்டியையும் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு சில ரூபாய்களும் ஐந்து நிமிடமுமே. உலையருகே நிற்கும் உங்கள் மகனோ கணவரோ நண்பகலில் அதைத் திறக்கும்போது உங்களுக்காகத் துஆச் செய்வார்.